கடலோவியமும் கட்டுமரமும்: பழவேற்காட்டுக் கரையிலிருந்து ஒரு நோக்கு

வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் 1833ஆம் ஆண்டில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டிய கடலோவியம் ஒன்று, அமெரிக்க நாட்டு யேல் பல்கலைக்கழகத்துப் பிரித்தானியக் கலை மையத்தில் உள்ளது. வங்கக் கடலின்கண் சென்னை அல்லது செயின்ட் ஜார்ஜ் கோட்டை, சூறைக்காற்று கடந்து செல்லும் வேளை என்பது அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள். பெயர் கோட்டையைச் சுட்டினும், படத்தை ஆள்வது கடலே. எழுந்து புரளும் நீரும், இருண்டு விலகும் வானுமே காண்பார் கண்ணை முதற்கண் கவர்கின்றன. இக்கரையைப் பொருளாகக் கொண்டு 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஓவியங்களுள் இது சிறப்புடையது என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதனையும் இதனை ஒத்த பிறவற்றையும் நம் மீனவர் வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்ளப் புகுவோர் சில வினாக்களை எழுப்புதல் வேண்டும். எவர் கண்கொண்டு இக்கடல் பார்க்கப்பட்டது? படத்தில் உள்ள படகு எத்தொழிலுக்கு உரியது? படத்தில் இடம்பெறாத கரை யாது? சென்னைக்கு வடக்கே அறுபது கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவிலுள்ள பழவேற்காட்டு மீனவர் குப்பங்களை மனத்திற்கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் காலத்தை நோக்குவோம். வில்லியம் டேனியல் தம் சிற்றப்பனாராகிய தாமசு டேனியலுடன் இந்தியாவிற்கு வந்தது 1786இல். தென்னாட்டிற் சுற்றியது 1792, 1793ஆம் ஆண்டுகளில். அப்பயணத்தின் பயனாகக் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றம் 1797இல் செப்புத்தகட்டு அச்சாக வெளிவந்தது. நாம் எடுத்துக்கொண்ட எண்ணெய் ஓவியமோ, ஓவியர் இக்கரையை விட்டு நீங்கி நாற்பது ஆண்டு கழிந்த பின்னர் இலண்டனில் தோன்றியது. இளமையிற் கண்ட கடலை முதுமையில் நினைந்து தீட்டினார் எனலாம். இதனால் ஓவியத்தின் மதிப்புக் குறைந்துவிடாது; நினைவிற்கும் ஓர் உண்மை உண்டு. ஆனால் கயிற்றின் முடிச்சையும் பலகையின் தையலையும் நாற்பது ஆண்டு நினைவிடத்துத் தேடுதல் முறையன்று.

அடுத்து, ஓவியர் நின்ற இடம். அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்குத் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். அலை மடிந்து உடையும் அக்கரையில் ஐரோப்பியக் கப்பற்படகு எதுவும் அணுக இயலாது. அணுகின் உடைந்து போகும். ஆகவே மக்களும் பொருளும் கரை சேர்ந்தது இந்நாட்டார் படகினால்தான். அதனை ஆங்கிலேயர் மசூலா என்றனர். தமிழர் சலங்கு என்றனர். பிரெஞ்சுக்காரர் தமிழ்ச் சொல்லையே செலாங்கு எனத் திரித்து வழங்கினர். அதனுடன் இருபுறமும் கட்டுமரங்கள் செல்லும். படகு கவிழின் நீரில் விழுந்தாரை எடுப்பது கட்டுமரத்தார் கடமை. அவ்வாறு உயிர் காத்தார்க்குப் பதக்கமும் வழங்கப்பெற்றது. கூம்பிய ஓலைத் தொப்பியினுள் கடிதங்களை நனையாமல் வைத்துக் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கொண்டு சென்றவரும் அவரே. இச்செய்தியைக் கூறாத பயண நூல் அந்நூற்றாண்டில் அரிது.

இதனால் ஓர் உண்மை புலனாகின்றது. சென்னைக் கரையைத் தீட்டிய ஓவியங்கள் பெரும்பாலும் கப்பலிலிருந்து இறங்குவோரின் அச்சத்தைத் தீட்டியவை. சி. அண்டு என்பார் செதுக்கிய, சென்னையிற் கரையிறங்குதல் என்னும் புகழ்பெற்ற வண்ண அச்சுப்படமும் இவ்வகையினதே. அதிற் சலங்கு அலையின் மேல் ஏறி நிற்கின்றது. நம் கண் செல்வதோ அதனுள் அமர்ந்திருக்கும் ஐரோப்பியரிடத்து. துடுப்பு வலிப்பவர் உடல் அழகுறத் தீட்டப்பெற்றுள்ளது. அவர் முகம் எவர் முகமும் அன்று. கட்டுமரத்தில் முழந்தாளிட்டு அமர்ந்து துடுப்பு வலிப்பவர், நீரோடு நீராய்க் கலந்த ஒரு வியப்பாகவே காட்டப்படுகின்றார். அவர் விடியற்காலையில் மீன் பிடிக்கச் சென்று மீண்டவர் என்பதற்கோ, அவர் வீட்டில் வலை உலர்கின்றது என்பதற்கோ படத்தில் அடையாளம் இல்லை. துறைமுக வேலை அவர்க்குக் கூலி, மீன்பிடித்தலே குலத்தொழில். ஓவியர் கூலியைக் கண்டார், தொழிலைக் கண்டிலர். இவ்வோவியங்களை மீன்படகு ஓவியங்கள் என்று வழங்குவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது.

இதற்கு மாறாகத் தொழிற்கருவியைக் கண்டவர் ஒருவர் உளர். அவர் பிரெஞ்சுக் கடற்படை அலுவலராகிய பிரான்சுவா எட்மண் பாரிசு. (பாரிசு என்பது ஈண்டு நகரப்பெயரன்று, அவர் குடும்பப் பெயர்.) 1806இற் பிறந்த அவர் உலகைச் சுற்றிய மூன்று கடற்பயணங்களிற் பங்கு கொண்டார். அவற்றுட் பின்னைய இரண்டும், லப்ளாசு என்பாரின் தலைமையில் பாவொரீத்து, ஆர்த்தெமீசு ஆகிய கப்பல்களிற் செய்யப்பட்டவை. சென்ற துறைதோறும் அந்நாட்டுப் படகுகளை அளந்து வரைந்தார். அவ்வரைபடங்களைத் திரட்டி, ஐரோப்பியர் அல்லாத மக்களின் கப்பற்கட்டுமானம் பற்றிய பெருநூலாக 1841 முதல் 1843 வரை வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் கட்டுமரமும் சலங்கும் தோணியும் அந்நூலில் இடம்பெற்றுள்ளன.

இவர் வாழ்வில் நம் கரையோடு தொடர்புடைய ஒரு நிகழ்ச்சி கூறத்தக்கது. ஆர்த்தெமீசுப் பயணத்தின்போது பரங்கிப்பேட்டையில் அந்நாளில் நடைபெற்று வந்த இரும்பாலையைக் காணச் சென்றவிடத்து, எந்திரத்தில் அகப்பட்டு அவர் தம் இடக்கையை இழந்தார். எஞ்சிய ஒரு கையோடு பணியைத் தொடர்ந்து, வைசு அட்மிரல் பதவி வரை உயர்ந்து, 1871 முதல் 1893இல் மறையும் வரை பிரெஞ்சுக் கடற்படை அருங்காட்சியகத்தைப் பேணி வந்தார். தாம் வரைந்த படகுகளுக்கு மாதிரி உருக்கள் செய்வித்து அங்கே வைத்தார். அவ்வருங்காட்சியகம் 2010இல் அவர் படைப்புகளுக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்று நடத்திற்று.

டேனியலின் ஓவியத்தையும் பாரிசின் வரைபடத்தையும் அருகருகே வைத்து நோக்கின், அழகு முன்னதன்பாலும் அறிவு பின்னதன்பாலும் உள என்று எளிதாகச் சொல்லிவிடத் தோன்றும். அங்ஙனம் பிரித்தல் பொருந்தாது என்பது எம் கருத்து. பாரிசின் வரைபடத்திலும் அழகு உண்டு. அது பொருளின் அமைதியறிந்து வரைந்த கோட்டின் அழகு. மேலிருந்து நோக்கிய தோற்றம், பக்கத்தோற்றம், குறுக்குவெட்டு, அளவுகோல் ஆகியவற்றோடு அவர் ஒரு படகைக் காட்டும்பொழுது, அதனைச் செய்தவன் மனத்தில் ஓடிய கணக்கே நம் முன் நிற்கின்றது. சலங்கின் பலகைகள் ஆணியின்றித் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. உள்ளே குறுக்கெலும்புகள் இல்லை. ஆதலின் அலை மோதும்பொழுது படகு வளைந்து கொடுக்கும். உறுதியான ஐரோப்பியப் படகு உடையும் இடத்தில் இது நெகிழ்ந்து தப்பும். இதனை வறுமையின் அடையாளமாகக் கருதிய பயணியர் பலர். பாரிசு இதனைக் கட்டுமான முறை ஒன்றாக மதித்து வரைந்தார்.

கட்டுமரம் இன்னும் நுட்பமானது. முருக்கு முதலிய இலேசான மரங்களைச் செதுக்கி, மூன்று முதல் ஏழு வரை அடுக்கி, முன்னும் பின்னும் கயிற்றாற் பிணிப்பர். நடுமரம் தாழ்ந்தும் பக்கமரங்கள் உயர்ந்தும் நிற்க, நீர் மேலே ஏறினும் இடைவெளிகளின் வழியே வடிந்துவிடும். நீர் புகுந்து மூழ்கும் என்னும் அச்சமே இதற்கில்லை. கரை சேர்ந்தவுடன் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவர். ஊறிய மரம் கனக்கும் ஆதலின். அடுத்த முறை மீண்டும் கட்டுவர். ஆகவே கட்டுமரம் என்பது செய்து முடிக்கப்பட்ட ஒரு கலமன்று. பயணந்தோறும் புதிதாகச் செய்யப்படும் ஒன்று. பெயரிலேயே வினை நிற்கின்றது. மிதந்து செல்லும் கட்டுமரத்தைத் தீட்டிய ஓவியர் பலர். அவிழ்ந்து கிடக்கும் மரங்களையும் உடன் தீட்டினாலன்றி அதன் இயல்பு விளங்காது.

இச்சொல் ஆங்கிலத்திற் புகுந்தது 17ஆம் நூற்றாண்டில். தாமசு பௌரி என்னும் வணிகர் 1669 முதல் இக்கடற்பகுதியிற் சுற்றி எழுதிய கையெழுத்துப் படியில் கட்டுமரத்தின் படமும் மசூலாவின் படமும் உள்ளன. அது 1905இல் அச்சேறிற்று. பின்னர் 1876இல் அமெரிக்கராகிய எர்ரசாப் என்பார் இரண்டு ஓடங்களை இணைத்துக் கட்டிய பந்தயப் படகிற்கும் இப்பெயரே சென்று ஒட்டிக்கொண்டது. இன்று உலகமெங்கும் கட்டுமரம் என்றால் இரட்டையோடம் என்றே பொருள் கொள்கின்றனர். நம் கட்டுமரத்தில் ஓடமே இல்லை, இரண்டு எங்கிருந்து வரும்? சொல் கடல் கடந்தது. பொருள் கரையிலேயே நின்றுவிட்டது.

இலக்கியம் பயில்வோர்க்கு இவ்வரைபடங்கள் தரும் பயன் ஒன்றையும் இங்கே குறிப்பிடுதல் தகும். சங்கச் செய்யுட்களில் திமில், அம்பி, தோணி, பஃறி, நாவாய், வங்கம் எனக் கலப்பெயர் பல வருகின்றன. அவற்றுள் திமில் பரதவர் மீன்பிடிக்கும் கலமாக நெய்தற் பாடல்களிற் பலகாலும் பயில்கின்றது. அதனைத் தோணி என்பாரும் கட்டுமரம் என்பாரும் உளர். திமிலுக்கு வளைவைக் குறிக்கும் அடையைப் புலவர் அடுத்தடுத்துக் கொடுத்துள்ளனர். கட்டுமரம் என்றவுடன் தட்டையான மிதவையை நினைப்பவர்க்கு அவ்வடை இடர்ப்பாடு தரும். ஆனால் சோழமண்டலக் கரைக் கட்டுமரத்தின் முன்புறம் மேல்நோக்கி வளைந்து செல்வது. அதற்கெனவே மூக்குமரங்களைத் தனியே செதுக்கிப் பொருத்துவர். ஆகவே வளைவு என்னும் அடையைக் கொண்டு மட்டும் திமில் கட்டுமரமன்று எனத் தள்ளிவிட முடியாது. இரண்டும் ஒன்றே என முடிவு கட்டவும் இது போதாது. உரை காண்போர் வலைஞர் கருவிகளையும் உடன் காணவேண்டும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இனிப் பழவேற்காட்டிற்கு வருவோம். இவ்வூரும் ஒரு காலத்தில் படம் பெற்ற ஊரே. ஒல்லாந்தர் 1610இல் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1613இல் கெல்திரியாக் கோட்டை எழுந்தது. 1690 வரை சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம் இதுவே. துணி ஏற்றிய கப்பல்கள் இங்கிருந்து கீழைக் கடல்களுக்குச் சென்றன. அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் இத்துறையின் வழியே ஏற்றப்பட்டனர் என்பதை மறைத்தல் ஆகாது. பால்தேயசு என்னும் ஒல்லாந்தச் சமயகுரு 1672இல் வெளியிட்ட நூலில் பழவேற்காட்டின் செதுக்குப்படம் உண்டு. பின்னர் ஊர் பலமுறை கைமாறி 1825இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. டேனியல் தம் கடலோவியத்தை எழுதிய 1833இல் பழவேற்காட்டுக்கு வணிகக் கப்பல் வருவது அருகிவிட்டது. எஞ்சியவை கோட்டையின் இடிபாடும், ஒல்லாந்தர் கல்லறைகளும், மீனவர் குப்பங்களும், மரக்காயர், இலப்பையர் முதலியோர் வாழும் தெருக்களும். கப்பல் வந்தவரை படம் வந்தது. கப்பல் நின்றதும் படமும் நின்றது. ஓவியர் கப்பலைப் பின்தொடர்ந்தனரேயன்றி மீனைப் பின்தொடர்ந்தாரல்லர். 19ஆம் நூற்றாண்டுக் கடலோவியங்கள் சென்னைக் கரையிலேயே குவிந்து கிடப்பதற்குக் காரணம் இதுவே; அங்கே மீனவர் மிகுந்திருந்தனர் என்பதன்று.

சென்னைக் கரையை மட்டும் கண்டவர்க்கு மீனவனின் பகை அலை என்று தோன்றும். பழவேற்காடு வேறு பாடம் சொல்லும். இங்கே நீர் இரண்டு. கிழக்கே அலையெறியும் கடல். மேற்கே அமைதியான உப்பங்கழியாகிய ஏரி. இடையே நீண்ட மணல்மேடாகச் சிறீஅரிக்கோட்டைத் தீவு. ஏரி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுடையது. பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவினதே. தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியாறும் நன்னீர் கொணர, முகத்துவாரம் கடல்நீரை உள்ளே விடுகின்றது. இறாலும் மடவையும் இக்கலப்பு நீரிற் செழிக்கின்றன. கடலுக்குக் கட்டுமரம் வேண்டும். ஏரிக்கு அது வேண்டுவதில்லை. ஆழமற்ற நீரில் தரை தட்டாத பலகைப் படகும், நீரில் நட்டு நிறுத்தும் வலையும் போதும். ஒரே குப்பத்தார் இருவகைக் கலத்தையும் கையாண்டனர். கலத்தின் வடிவு நீரின் இயல்பை எழுதி வைத்த ஏடு என்று கொள்ளின், இவ்விரு ஏடுகளையும் ஒருங்கே படிக்கத்தக்க இடம் பழவேற்காடே.

மொழியின் எல்லையும் இவ்வேரியின் ஊடே செல்கின்றது. வடகரையிற் கட்டுமரத்தைத் தெப்பா என்பர். நம் தெப்பமும் அதுவும் ஒரு சொல்லே. நெல்லூர்க் கடற்கரையில் பட்டபு எனப்படுவோர் வீட்டில் தமிழ் பேசும் பட்டினவர் மரபினர். சென்னை மாகாண மீன்துறைத் தலைவராயிருந்த சேம்சு ஆர்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920இல் எழுதிய ஆராய்ச்சியில், கரைதோறும் கட்டுமரத்தின் பிணிப்பு வேறுபடுவதை எடுத்துக் காட்டியுள்ளார். தமிழ்க் கரையிற் கயிறு. கஞ்சம் பக்கத்தில் மரமுளை. பாரிசுக்குப் பின் நம் படகுகளைப் பொறுமையோடு அளந்தவர் இவரே.

ஓவியத்தால் காட்ட இயலாத ஒன்றும் பழவேற்காட்டில் உண்டு. அது பாடு என்னும் முறை. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் ஏரியில் வலையிடும் இடங்களைச் சீட்டுக்குலுக்கி முறைவைத்துப் பகிர்ந்து கொள்வர். மீன் மிகுதியாக விழும் இடம் ஒருவர்க்கே நிலைத்துவிடாது. இன்று நல்லிடம் பெற்றவர் நாளை ஒதுங்கவேண்டும். ஊரில் தலைக்கட்டாக எண்ணப்படுவார்க்கே முறை கிடைக்கும். பாடு என்னும் சொல் படு என்னும் வினையடியாகப் பிறந்தது; வலை படும் இடமும், வலையிற் பட்ட மீனும், பட்ட உழைப்பும் அவ்வொரு சொல்லில் அடங்கும். ஈழத்துக் கரைகளிலும் கரைவலை இழுக்கும் இடம் பாடு எனப்படுதல் நோக்கத்தக்கது. ஏரியில் அசையாது நிற்கும் ஒரு படகை எவ்வளவு சிறந்த ஓவியர் தீட்டினும், அது அன்று அவ்விடத்தில் நிற்பதற்கு உரிமை எவ்வாறு வந்தது என்பதைத் தீட்ட முடியாது. முறையில் இடம் பெறாத பிற சமூகத்து மீனவரும், வலையின்றிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் ஏரியை நம்பி வாழ்வோரே. அவர்க்கும் பாடுடையார்க்கும் வழக்கு எழுவதும் உண்டு. ஆகவே அம்முறையைக் குறையற்ற பொதுவுடைமை எனப் புகழ்தலும் பொருந்தாது.

சென்னையிற் கடலோவியங்களின் பொருளே பின்னர் மறைந்தது. 1875இல் துறைமுகத்திற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது, 1881இன் புயல் கட்டியதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினர். கப்பல் கரையை அணைந்தபின் சலங்கிற்குக் கூலி இல்லை. அது பெரியவலை இழுக்கும் படகாய் மீன்தொழிலுக்கே திரும்பிற்று. அவ்வகையில் துறைமுகம் மீனவர்க்கு அவர் படகை மீட்டுக் கொடுத்தது எனலாம், ஓவியர்தாம் போய்விட்டனர். பழவேற்காடோ பக்கிங்காம் கால்வாயின் வழியே சென்னைக்கு விறகும் மீனும் அனுப்பும் ஊராய் அமைந்தது.

கட்டுமரத்தின் மறைவு அண்மைக்காலத்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் இழைக்கண்ணாடிப் படகுகள் வரத்தொடங்கின. 2004 திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையில் கிடந்த மரங்களை அள்ளிச் சென்றபின், உதவியாக வந்தவை பெரும்பாலும் பொறி பூட்டிய அத்தகைய படகுகளே. அவை விரைவும் வசதியும் உடையன. எண்ணெய்ச் செலவு வேறு. மரம் செதுக்கவும் கயிறு பிணிக்கவும் அறிந்தோர் தொகை ஆண்டுதோறும் குறைகின்றது. ஏரியின் நிலையும் நன்றன்று. முகத்துவாரம் மணலால் அடிக்கடி தூர்ந்து போகின்றது. அடைபட்டால் இறாற்குஞ்சு உள்ளே வாராது, படகு வெளியே போகாது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் எழுந்த துறைமுகங்கள் கரையின் மணலோட்டத்தை மாற்றுகின்றன என்பது மீனவர் முறையீடு.

இந்நிலையில் பாரிசின் வரைபடங்களும் ஆர்னெலின் அளவுகளும் புதிய மதிப்புப் பெறுகின்றன. ஆனால் அவற்றிலும் ஒரு குறை உண்டு. உறுப்புகளின் வடிவு அங்கே உள்ளது. உறுப்புகளின் தமிழ்ப்பெயர் முற்றும் இல்லை. நடுமரம், பக்கமரம், மூக்குமரம் என நாம் பொதுப்படச் சொல்லுகின்றோம். குப்பந்தோறும் வழங்கும் பெயர் வேறு வேறு. பிணிக்கும் முடிச்சுக்கும், அலை மடியும் நிலைக்கும், மரம் ஊறிக் கனக்கும் அளவுக்கும் தனித்தனிச் சொற்கள் மீனவர் வாயில் உள. அவரே கட்டுமரம் என்று விரித்துச் சொல்வது அரிது. மரம் என்றால் போதும் அவர்க்கு. தமிழ்த்துறை மாணவர் எவரேனும் பாரிசின் வரைபடத்தின் படி ஒன்றைக் கையிற் கொண்டு கோட்டைக்குப்பத்திற்குச் சென்று, மரம் கட்டிய முதியவர் ஒருவர் முன் அதனை விரித்து, ஒவ்வொரு கோட்டையும் சுட்டி இதற்கு என்ன பெயர் ஐயா என்று கேட்பாராயின், இருநூறு ஆண்டுகளாகப் பெயரின்றிக் கிடக்கும் அவ்வரைபடம் நிறைவெய்தும். அம்முதியவர் வரைபடத்திற் பிழை காணவும் கூடும்.